ரைஃபிள் கிளப்பில் நான் வாய் திறக்கலாமா?

டெக்சாஸில், டாலஸுக்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து வந்த கடிதம் இது. ஏழு பக்கம் இருந்தது. ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

எழுதியவருக்கு வயது 43. மதுரைப் பக்கத்துக்காரர், மென்பொருள் வேலை. மனைவி, 14 வயது மகள், 8 வயது மகன். 2020இல் கிரீன் கார்டு கிடைத்தது. இப்போது குடியுரிமை விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறார். 2021 மார்ச்சில் அட்லாண்டா ஸ்பாக்களில் ஆசியப் பெண்கள் ஆறு பேர் உட்பட எட்டுப் பேர் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி அவரைத் தூங்கவிடவில்லை. அடுத்த மாதமே ஒரு 9 மி.மீ. பிஸ்டல் வாங்கினார். சுடக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற ராணுவக்காரர். அவர்தான் ரைஃபிள் கிளப்புக்கும் அழைத்துப் போனார். பயத்தில் தொடங்கியது பழக்கமாகி, பிறகு பிரியமாகவே ஆகிவிட்டது. "மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி விசையை அழுத்தும் அந்த நொடியில், வாரம் முழுக்க மண்டைக்குள் ஓடிய ஆபீஸ் சத்தம் நின்றுவிடுகிறது" என்று எழுதுகிறார்.

2022 மே 24 அன்று டெக்சாஸின் யுவால்டி ஊரில் ஒரு தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். அந்தச் சனிக்கிழமையும் இவர் கிளப்புக்குப் போயிருக்கிறார். சுடுவதை நிறுத்தச் சொல்லி அறிவிப்பு வந்தது. எல்லாரும் ரைஃபிளை மேசையில் வைத்து, உள்ளே குண்டு இல்லை என்று காட்டும் மஞ்சள் பிளாஸ்டிக் கொடியைச் செருகிவிட்டு, இலக்குத் தாளைப் பார்க்க ஒன்றாக நடந்தார்கள். அந்த நூறு கஜ நடையில் ஒருவர், "இனி நம் துப்பாக்கியைப் பிடுங்க வருவார்கள், தோட்டா விலை ஏறும்" என்றார். குழந்தைகளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. "என் மகளுக்கு அப்போது 10 வயது. அவர்களுக்கும் அதே வயதுதான். நானும் பேசவில்லை. தாளில் ஓட்டைகளை எண்ணிக்கொண்டு நின்றேன்."

மறுபக்கமும் அவருக்கு நிம்மதி இல்லை. பொங்கல் விழாவில் நண்பரின் மனைவி எல்லார் முன்னாலும், "உங்க வீட்ல துப்பாக்கி இருக்குன்னு கேள்விப்பட்டேன், இனிமே பிள்ளையை அனுப்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். இவர் சாப்பிடாமலே வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது கிளப் சந்தாவைப் புதுப்பிக்க வேண்டும். உறுப்பினர் எல்லாரும் நேஷனல் ரைஃபிள் அசோசியேஷனிலும், அதாவது என்.ஆர்.ஏ.யிலும், உறுப்பினராக இருந்தாக வேண்டும் என்பது கிளப் விதி. கூடவே, ஒரு துப்பாக்கிக் கட்டுப்பாட்டு மசோதாவை எதிர்த்து சட்டமன்ற உறுப்பினருக்குப் போன் செய்யச் சொல்லி மின்னஞ்சல். "எல்லா விற்பனைக்கும் பின்னணிச் சோதனை, அதாவது வாங்குபவர் துப்பாக்கி வாங்கத் தகுதியானவர்தானா என்ற சரிபார்ப்பு, வேண்டும் என்று நினைக்கிறேன். அதைச் சொன்னால் கிளப்பில் நான் துரோகி. துப்பாக்கி பிடிக்கும் என்றால் தமிழர் மத்தியில் நான் காட்டான். இரண்டுக்கும் நடுவில் எனக்கு இடம் உண்டா? கிளப் என்னை நீக்க முடியுமா? வாயைத் திறந்தால் குடியுரிமை கெடுமா? பேசாமல் எல்லாவற்றையும் விற்றுவிடட்டுமா?"

அன்புள்ள நண்பருக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தாளில் ஓட்டைகளை எண்ணிக்கொண்டு நின்றதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி எனக்கு மிகவும் வலித்தது. நாலு வருடமாக இதைச் சுமக்கிறீர்கள். நான் துப்பாக்கி வைத்திருப்பவன் இல்லை. பின்னணிச் சோதனை எல்லா விற்பனைக்கும் வேண்டும் என்பதுதான் என் கட்சியும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நான் சொல்வதை நீங்களே எடைபோட்டுக்கொள்ளலாம்.

நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை

கடிதம் முழுக்க ஒரு எண்ணம் ஓடுகிறது: துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி நினைக்கிறார்கள், நான் மட்டும்தான் வேறு. இது தவறு. 2017இல் ப்யூ ஆய்வு மையம் எடுத்த கணக்கில், துப்பாக்கி உரிமையாளர்களிலேயே 77 சதவீதம் பேர் தனியார் விற்பனைக்கும் துப்பாக்கிக் கண்காட்சி விற்பனைக்கும் பின்னணிச் சோதனை வேண்டும் என்றார்கள். என்.ஆர்.ஏ. உறுப்பினர் என்று சொன்னவர்கள் உரிமையாளர்களில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அன்று உங்களோடு இலக்கை நோக்கி நடந்தவர்களில் எத்தனை பேர் உங்களைப் போலவே வாயை மூடிக்கொண்டு நடந்தார்களோ! பேசியது ஒருவர். மற்றவர்கள் மௌனமாக இருந்ததை நீங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்கள். உங்கள் மௌனத்தையும் அவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இந்தச் சண்டை துப்பாக்கிக்காரர்கள் வீட்டுக்குள்ளேயே பழைய சண்டை. என்.ஆர்.ஏ. 1871இல் நியூயார்க்கில் தொடங்கியபோது அதன் கவலை அரசியல் இல்லை. உள்நாட்டுப் போரில் வடக்குப் படை வீரர்களுக்குக் குறிபார்த்துச் சுடத் தெரியவில்லையே என்று வருந்திய இரண்டு பழைய படையதிகாரிகள் தொடங்கியது அது. 1934இல் முதல் பெரிய கூட்டாட்சித் துப்பாக்கிச் சட்டத்துக்கான விசாரணையில் அதன் தலைவர் கார்ல் ஃபிரெடரிக் சாட்சி சொன்னார். 1920 ஒலிம்பிக்ஸில் துப்பாக்கி சுடுதலில் மூன்று தங்கம் வென்றவர். கண்டபடி எல்லாரும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு திரிவதில் தனக்கு நம்பிக்கை இல்லை, அதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தி உரிமத்தோடு மட்டுமே அனுமதிக்க வேண்டும் என்றார். இன்று உங்கள் கிளப்பில் எழுந்து அப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

திருப்பம் 1977இல், சின்சினாட்டி ஆண்டுக் கூட்டத்தில் வந்தது. பழைய தலைமை தலைமையகத்தை வாஷிங்டனிலிருந்து கொலராடோவுக்கு மாற்றி, விளையாட்டு, வேட்டை, இயற்கைப் பாதுகாப்பு என்று போக நினைத்தது. அரசியல்தான் முக்கியம் என்ற அணி ஒரே இரவில் அவர்களை வாக்கெடுத்து வெளியேற்றியது. நீங்கள் விரும்புவது 1977இல் தோற்ற அணியின் உலகம். உங்களுக்குக் கிளப்பில் இடறுகிறது என்றால் காரணம் நீங்கள் வெளியூர்க்காரர் என்பது இல்லை.

விலகியவர்களும் உண்டு. 1995இல் என்.ஆர்.ஏ.யின் நிதி திரட்டும் கடிதம் ஒன்று அரசு அதிகாரிகளை பூட்ஸ் அணிந்த குண்டர்கள் என்ற தொனியில் ஏசியது. 168 பேரைப் பலிகொண்ட ஓக்லஹோமா நகர வெடிகுண்டுத் தாக்குதல் நடந்த சமயம் அது. முன்னாள் அதிபர் ஜார்ஜ் எச்.டபிள்யூ. புஷ் அந்தக் கடிதத்தைக் கண்டித்து, தன் ஆயுள் உறுப்பினர் பதவியை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். அவரும் டெக்சாஸ்காரர்தான், துப்பாக்கியும் வைத்திருந்தார். அதற்காக யாரும் அவர் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போகவில்லை.

நம் நிறத்தவர்கள் யோசிக்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. 2016இல் மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டீல் என்ற கறுப்பின இளைஞர், உரிமம் வைத்திருந்தவர், காரை நிறுத்திய போலீஸ்காரரிடம் தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று தானாகவே சொன்னார். சொன்ன சில நொடிகளில் சுடப்பட்டு இறந்தார். சுட்டவர் மறுவருடம் விடுதலையானார். உரிமைக்காக எப்போதும் உரக்கக் குரல் கொடுக்கும் என்.ஆர்.ஏ. அன்று குரலை அடக்கி வாசித்ததைப் பார்த்துத் துப்பாக்கி உரிமையாளர்கள் பலரே மனம் உடைந்தார்கள். 2015இலேயே கறுப்பினத்தவர் தங்களுக்கென்று தனியாகத் தேசிய அளவில் ஒரு துப்பாக்கிச் சங்கம் தொடங்கிவிட்டார்கள். தாராளவாதிகளுக்கும் தனிச் சங்கம் இருக்கிறது. ஆக, நடுவில் இடம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள்.

கிளப் உங்களை நீக்க முடியுமா?

முடியும். இங்கே நீங்கள் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். "எனக்குப் பேச்சுரிமை உண்டே" என்று எழுதியிருக்கிறீர்கள். அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அரசாங்கத்தின் கையைத்தான் கட்டுகிறது, தனியார் கிளப்பை அல்ல. கிளப்புக்கும் உங்களுக்கும் இடையில் இருப்பது அதன் விதிப் புத்தகம். நீக்குவதற்கு முன் நோட்டீஸ் தர வேண்டுமா, விளக்கம் கேட்க வேண்டுமா, கட்டிய பணம் திரும்புமா என்பதெல்லாம் அதில் இருக்கும். எடுத்துப் படியுங்கள். உறுப்பினர் அனைவரும் என்.ஆர்.ஏ.யில் இருக்க வேண்டும் என்ற விதி பல கிளப்புகளில் உண்டு. சட்டப்படி அதில் குற்றம் இல்லை.

ஆனால் என்.ஆர்.ஏ. உறுப்பினர் அட்டை இல்லாவிட்டால் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையே போய்விடும் என்பது போல உங்கள் கடிதத்தில் ஒரு பயம் தெரிகிறது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும், 1791இல் வந்த இரண்டாவது திருத்தம் எந்தச் சங்கத்தின் சொத்தும் இல்லை. அந்த உரிமைக்கு எல்லை உண்டு என்பதையும் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. தனிமனித உரிமை என்று உறுதி செய்த 2008 ஹெல்லர் தீர்ப்பிலேயே அது இருக்கிறது. 2024இல் ரஹிமி வழக்கில், குடும்ப வன்முறைத் தடையாணை உள்ளவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்ற சட்டம் செல்லும் என்று ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் தீர்ப்பளித்தார்கள். அதுவும் டெக்சாஸ் வழக்குதான். கட்டுப்பாடு வேண்டும் என்று சொல்பவர் அரசியல் சட்டத்துக்கு எதிரி என்று யாராவது உங்களிடம் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

சந்தாப் பணம் யாருக்குப் போகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். வேட்பாளர்களுக்கு நேரடியாகத் தரும் நன்கொடை தனி நிதியிலிருந்து, உறுப்பினர்கள் விரும்பிக் கொடுக்கும் பணத்திலிருந்து போகிறது. உங்கள் சந்தா அமைப்பை நடத்தப் போகிறது, அமைப்பின் முதன்மை வேலைகளில் ஒன்று அரசியல். அந்தப் பணம் எப்படிக் கையாளப்பட்டது என்பதற்கும் ஒரு கணக்கு வந்துவிட்டது: 2024 பிப்ரவரியில் நியூயார்க் நடுவர் குழு ஒன்று, முப்பது வருடங்களுக்கு மேல் அமைப்பை நடத்திய வெய்ன் லபியேர் 43 லட்சம் டாலருக்கு மேல் திருப்பிக் கட்ட வேண்டும் என்று சொன்னது. மனசு ஒப்பாமல் கட்டும் பணம் என்று நீங்கள் நினைத்தால் கட்டாதீர்கள். சனிக்கிழமைக் காலையை அதற்காக இழக்க வேண்டியதும் இல்லை. கட்டணம் கட்டிச் சுடும் வணிக ரேஞ்சுகள் உங்கள் பக்கம் நிறைய. சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம் என்று 1903இல் தொடங்கிய அமைப்போடு இணைந்த கிளப்புகளும் இருக்கின்றன. அவற்றின் கவனம் இலக்குச் சுடுதலிலும் இளைஞர் பயிற்சியிலும்தான். பக்கத்தில் எது என்று பாருங்கள்.

குடியுரிமையும், நீங்கள் கவனிக்காத ஆபத்தும்

பின்னணிச் சோதனை வேண்டும் என்று சொன்னதற்காக யாரும் உங்கள் குடியுரிமையை மறுக்க முடியாது. வேண்டாம் என்று சொன்னாலும் அப்படியே. கிரீன் கார்டுக்காரர் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதலாம், மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் சட்டமன்றக் குழு விசாரணைக்குப் போய்ப் பேசலாம், நன்கொடைகூடக் கொடுக்கலாம். ஓட்டுப் போட மட்டும் கூடாது. வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்க்கவும் கூடாது, யார் படிவத்தை நீட்டினாலும் சரி. விண்ணப்பத்தில் ஆயுதப் பயிற்சி பெற்றதுண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் ரைஃபிள் சுடக் கற்றுக்கொடுத்தார் என்பதில் மறைக்க எதுவும் இல்லை. மறைத்தால்தான் சிக்கல்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அதை நீங்கள் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள்: "இங்கே இப்போது உரிமமே தேவையில்லை, அதனால் எடுக்கவில்லை. பிஸ்டல் பெரும்பாலும் காரில்தான் இருக்கும்."

நண்பரே, இதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயது நிரம்பிய, சட்டத் தடை எதுவும் இல்லாதவர்கள் உரிமம் இல்லாமல் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்பது சரிதான். ஆனால் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று, பள்ளியைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் துப்பாக்கியோடு இருப்பதைத் தடுக்கிறது. மாநில உரிமம் வைத்திருப்பவருக்கு அதில் விலக்கு உண்டு. உரிமம் இல்லாதவர், தோட்டா நீக்கி, பூட்டிய பெட்டியில் வைத்திருந்தால்தான் தப்பிக்கலாம். தினமும் காலையில் மகனைப் பள்ளி வாசலில் இறக்கிவிடுகிறீர்களே, அந்தக் காரில்தானே பிஸ்டல் இருக்கிறது?

குடிமகன் ஒருவருக்கு இது வழக்காக முடியலாம். உங்களுக்கு நாடுகடத்தலாக முடியலாம். துப்பாக்கியைச் சட்டத்துக்குப் புறம்பாக வைத்திருந்ததாகவோ எடுத்துச் சென்றதாகவோ தண்டனை பெற்றால், குடிமகன் அல்லாதவரை வெளியேற்றக் குடிவரவுச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. எத்தனை வருடம் இருந்தீர்கள், வரி கட்டினீர்கள் என்பது அங்கே முதல் கேள்வியாக வராது. என் அலுவலகத்துக்கு ஒரு தம்பி வந்தார். ரேஞ்சுக்குக் கொண்டுபோன பையையே மறந்துபோய் விமான நிலையத்துக்கும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சோதனைத் திரையில் பிஸ்டல் தெரிந்த அந்த நிமிடத்தைச் சொல்லும்போது அவர் கை நடுங்கியது. அப்படி மாட்டும் உரிமம் உள்ளவர், சொன்னவுடன் துப்பாக்கியோடு வெளியேறிவிட்டால் டெக்சாஸ் சட்டம் அவருக்கு ஒரு பாதுகாப்புத் தருகிறது. அந்தத் தம்பியிடம் உரிமம் இல்லை. 2023இல் மட்டும் நாடு முழுக்க விமான நிலையச் சோதனைகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன, பத்தில் ஒன்பதுக்கு மேல் தோட்டா நிரப்பியவை. முக்கால்வாசிப் பேர் சொல்லும் காரணம் "மறந்துவிட்டேன்" என்பதாகத்தான் இருக்கும்.

ஆகவே இன்றே பிஸ்டலைக் காரிலிருந்து எடுங்கள். வகுப்புக்குப் போய் மாநில உரிமம் வாங்குங்கள், கிரீன் கார்டுக்காரருக்கும் தருகிறார்கள். அதுவரை ரேஞ்சுக்குப் போகும் நாளில் மட்டும், தோட்டா நீக்கி, பூட்டிய பெட்டியில்.

வீட்டில் இருப்பது

உங்கள் மனைவி இதைப் பற்றி என்ன நினைக்கிறார்? ஏழு பக்கத்தில் அவர் ஒரே இடத்தில்தான் வருகிறார்: "அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை, இப்போது பேசுவதில்லை." கிளப் அரசியலுக்கு நாலு பக்கம், மனைவிக்கு ஒரு வரி. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கிளப்பில் நீங்கள் மௌனமாக நடந்தது போல அவர் வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறாரோ என்று தோன்றுகிறது. கேளுங்கள்.

பொங்கல் விழாவில் நடந்ததையும் கொஞ்சம் வேறு மாதிரிப் பாருங்கள். எல்லார் முன்னாலும் சொன்னது தவறு. ஆனால் "உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, எப்படி வைத்திருக்கிறீர்கள்" என்பது எந்தத் தாயும் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அது அரசியல் கேள்வி இல்லை. "இருக்கிறது. தோட்டா தனியாக, துப்பாக்கி சேஃபில் பூட்டி, எண் எனக்கு மட்டும்தான் தெரியும்" என்று உங்களால் அன்று பதில் சொல்ல முடிந்திருக்குமா? கடிதத்தில் ரைஃபிள் அலமாரியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், பூட்டைப் பற்றிச் சொல்லவில்லை. 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டும்படி தோட்டா நிரப்பிய துப்பாக்கியை அஜாக்கிரதையாக விட்டு, அது பிள்ளை கையில் போனால் டெக்சாஸில் குற்றம். உயிர்ச்சேதமோ பெரிய காயமோ நடந்தால் தண்டனை கூடும்.

இன்னொன்று, மெதுவாகச் சொல்கிறேன். நீங்கள் பிஸ்டல் வாங்கியது வெளியிலிருந்து வரும் ஒருவனை நினைத்து. அதே 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள், பாதிக்கும் மேல். உங்கள் வீட்டில் ஒரு 14 வயதுப் பெண் இருக்கிறாள். அவள் நன்றாகத்தான் இருப்பாள். ஆனால் அந்த வயதில் ஒரு ராத்திரியின் துக்கம் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று நமக்கு மறந்துபோயிருக்கும். பூட்டிய சேஃப் அந்த ராத்திரியைக் கடக்க அவகாசம் கொடுக்கும். யாருக்காவது அப்படி ஒரு ராத்திரி வந்தால் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம், செய்தியும் அனுப்பலாம்.

விற்றுவிடட்டுமா என்று கேட்டீர்கள். பயத்துக்கு வாங்கிய பிஸ்டல், பிரியத்துக்கு வாங்கிய ரைஃபிள், இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். பிஸ்டல் இன்னும் உங்களுக்கு நிம்மதி தருகிறதா, கவலை தருகிறதா என்று மனைவியோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். எதை விற்றாலும் இதை மட்டும் செய்யுங்கள்: டெக்சாஸுக்குள் தனியாள் தனியாளுக்கு விற்கச் சட்டம் பின்னணிச் சோதனை கேட்பதில்லை. ஆனாலும் உரிமம் பெற்ற கடைக்கு இருவரும் போய், சிறு கட்டணம் கட்டி, சோதனை முடிந்த பிறகு கைமாற்றலாம். மசோதா நிறைவேறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, உங்கள் துப்பாக்கிக்கு உங்கள் சட்டம் அன்றே அமலுக்கு வந்துவிடும்.

கிளப்புக்கு நீளமாக எழுதாதீர்கள். என்.ஆர்.ஏ. சந்தா கட்ட என் மனம் ஒப்பவில்லை, அதனால் இந்த வருடம் புதுப்பிக்கவில்லை, இத்தனை நாள் பழகியதற்கு நன்றி என்று மூன்று வரி போதும். ஆனால் அதை அனுப்பும் முன்னால் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். அன்று இலக்கை நோக்கி நடந்தபோது உங்களுக்கு என்ன தோன்றியது, மகளின் வயது எப்படி மனதில் நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ரைஃபிளைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். அவர் கோபப்படலாம். "நானும் அன்று அதைத்தான் நினைத்தேன்" என்றும் சொல்லலாம். போன வருடம் அவர் தானாக வந்து உங்கள் வேலியைச் சரிசெய்து கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்களே, கேட்கக்கூடிய மனிதர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.